சின்னத்தம்பியின் தாடி

பரியாரி வீட்டில் சாவு விழுந்தால் பரியாரிக்கு யார் மொட்டை போடுவது?

மண்டபம் முகாமில், தகப்பனின் உடம்புக்கு முன்னால் நின்றபோது வீரபத்திரனின் மனத்தில் முதலில் எழுந்தது இந்தக் கேள்விதான். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. துறையூர்ப் பக்கத்திலிருந்து கங்காணியின் பேச்சை நம்பி இலங்கைக்குப் புறப்பட்ட கூட்டத்தில் அப்பனும் மகனும் இருந்தார்கள். கப்பலுக்குக் காத்திருந்த இடத்தில் வாந்திபேதி வந்து அப்பனை வாரிக்கொண்டு போய்விட்டது. தகப்பன் செத்தால் மகன் தலையையும் மீசையையும் மழிக்க வேண்டும். ஊரில் அத்தனை பேருக்கும் அதைச் செய்துவிட, சவரத் தொழில் செய்யும் பரியாரியாக அவன் அப்பன் இருந்தான். அந்த அப்பனுக்காக மகனை மழித்துவிட அந்த மணல்வெளியில் ஒருவரும் இல்லை.

வீரபத்திரன் அப்பனின் அடைப்பத்தைத் திறந்தான். நாவிதர் தம் ஆயுதங்களை வைத்திருக்கும் தோல்பைக்கு அதுதான் பெயர். உள்ளே கத்தி இருந்தது. அப்பன் கடைசியாகத் தீட்டியது. கண்ணாடி உடைந்து போயிருந்தது. இடது கையால் தலையைத் தடவித் தடவி, வலது கையால் கத்தியை இழுத்தான். ரத்தமும் கண்ணீரும் ஒரே வழியாக இறங்கின. உப்புக் காற்று காயத்தில் பட்டு எரிந்தது. மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. அதையும் எடுத்தான்.

அப்போது தோளில் ஒரு கை விழுந்தது. கூட்டத்தை அழைத்து வந்த கங்காணி ஆண்டியப்பன்.

"அழாதடா. இன்னையிலேருந்து நான்தான் ஒனக்குத் தகப்பன்."

அந்த ஒரு சொல்லை மடியில் முடிந்துகொண்டு வீரபத்திரன் கப்பலேறினான், ரயிலேறினான், திம்புள்ளைப் பக்கத்து வெள்ளைப்பாறைத் தோட்டத்தின் குளிருக்குள் வந்து சேர்ந்தான்.

காலம் ஓடியது. ஆண்டியப்பன் பெரிய கங்காணியானார். கோட்டு வந்தது, சரிகைத் தலைப்பாகை வந்தது, காதில் தங்கக் கடுக்கன் வந்தது, வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு வந்தது. மகனே என்று அழைத்த வாய் "டேய் நாசுவா" என்று அழைக்கத் தொடங்கியது. வீரபத்திரன் அதையும் பொறுத்துக்கொண்டான். தகப்பன் திட்டினால் மகன் கோபிப்பதா?

அவனுக்கு வாய்த்த மனைவி அழகம்மை. அவள் மருத்துவச்சி. லயம் என்ற வரிசை வீடுகளின் காம்பராக்களில் பிறந்த பிள்ளைகளெல்லாம் முதலில் அவள் கையில் விழுந்துதான் உலகத்தைப் பார்த்தன. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "எம் புருசன் முடியை எறக்குறாரு, நான் புள்ளைய எறக்குறேன். ரெண்டு பேரும் இல்லேன்னா இந்தத் தோட்டத்துல ஒருத்தனுக்கும் ஒண்ணும் எறங்காது" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பீலிக்கரையில், மலையிலிருந்து தகரக் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டும் இடத்தில், வீரபத்திரன் சாக்கை விரித்து உட்காருவான். அவனிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. சாதாரணத் தலையென்றால் பேசிச் சிரித்துக்கொண்டே கத்தியை ஓட்டிவிடுவான். சாமிக்கென்று நேர்ந்துகொண்டு வளர்த்த முடியென்றால் கதையே வேறு. வெற்றிலை வைத்து, கற்பூரம் கொளுத்தி, நேர்ந்துகொண்டவன் முகத்தைப் பார்த்து, "மனசார எறக்குறியா?" என்று மூன்று தரம் கேட்பான். மூன்று தரமும் "ஆமா" என்று பதில் வராமல் கத்தியைத் தொடமாட்டான். கதிர்காமத்துக்கு நேர்ந்த தலையானாலும் சரி, மாரியம்மனுக்கு நேர்ந்த பச்சைக் குழந்தையின் முதல் முடியானாலும் சரி.

"எதுக்குப் பரியாரி இவ்வளவு பிகு? மயிருதானே!" என்று ஒருவன் ஒருநாள் கேலி செய்தான்.

"மயிருதான். சிவன் அதைச் சடையா விட்டாரு. பழனியாண்டவரு ஒண்ணுமில்லாம எடுத்துட்டு நிக்கிறாரு. வச்சதும் சாமி, எடுத்ததும் சாமி. ஒன் தலையில நேந்துக்கிட்டு வச்சா அது ஒன்னுதும் இல்ல, என்னுதும் இல்ல. அடுத்தவங்க சொத்துல கத்தி வைக்கிறதுக்கு நான் என்ன திருடனா?"

அந்தக் கண்டிப்பை அவன் ஒரு முறை மீறியிருந்தான். மீறியதற்குக் காரணம் கங்காணி. பலியானது சின்னத்தம்பியின் வீடு.

சின்னத்தம்பி தேயிலைச் செடிகளின் தலையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவன். சாதுவான ஆள். அவன் மனைவி வேலாயி கொழுந்தெடுப்பவள். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது கணவன் முடிவெட்டக் கூடாது, முகம் மழிக்கக் கூடாது என்பது அவர்கள் சாமிக்கு நேர்ந்து வழிவழியாகக் காக்கும் கட்டு. வேலாயி முதல் தடவை உண்டாகியிருந்தபோது சின்னத்தம்பியும் தாடி விட்டான். மாதம் நெருங்கிய சமயம் பார்த்துக் கொழும்பிலிருந்து பெரிய வெள்ளைக்காரர் ஒருவர் தோட்டம் பார்க்க வரப்போகிறார் என்று தகவல் வந்தது. ஆட்கள் எல்லாரும் மழுங்கச் சிரைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று கங்காணி உத்தரவு போட்டார். சின்னத்தம்பி கையைக் கட்டிக்கொண்டு காரணத்தைச் சொன்னான். கங்காணி குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"ஏன்டா, புள்ள வயித்துலயா இருக்கு, ஒன் தாடையிலயா இருக்கு? டேய் நாசுவா, செரைச்சுவுடுடா!"

தகப்பன் சொன்னதாயிற்றே. வீரபத்திரன் சிரைத்துவிட்டான். வந்த வெள்ளைக்காரர் ஆட்களின் முகத்தை ஏறிட்டும் பார்க்காமல் தேயிலை அரைக்கும் ஸ்டோரைச் சுற்றிவிட்டுப் போய்விட்டார். அந்த வாரமே வேலாயிக்கு வலி கண்டது. அழகம்மை கையில் விழுந்த குழந்தை அழவில்லை. எத்தனை தட்டியும் அழவில்லை.

தாடியை எடுத்ததால்தான் குழந்தை இறந்ததா? படித்தவர்கள் இல்லை என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தகப்பன் தன் வழுவழுத்த கன்னத்தைத் தடவிப் பார்த்துத் தேம்பியதை வீரபத்திரன் கண்ணால் பார்த்தான். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவன் சோறு தின்னவில்லை.

பிறகு தேயிலை விலை விழுந்த காலம் வந்தது. ஆட்களைப் பெயர் வெட்டி, குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யார் பெயரை வெட்டுவது என்பது கங்காணியின் நாக்கில் இருந்தது. பெரிய கங்காணி நடந்து வந்தால் ஆட்கள் மட்டுமல்ல, தேயிலைச் செடியே தலை குனிவதுபோல இருந்தது.

அப்படி ஒரு காலத்தில், ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்கு ஒருநாள் சின்னத்தம்பி பிந்தி வந்தான். வேலாயி விடியலில் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தாள். அவளுக்குச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டு ஓடி வந்திருந்தான். கங்காணி காரணம் கேட்கவில்லை. ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் பளாரென்று கன்னத்தில் ஓர் அறை விட்டார்.

அன்று மாலை அழகம்மை வேலாயியின் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். "அடியே, தங்கியிருக்குடி!" என்று மெல்லிய குரலில் சொன்னாள். வேலாயிக்கு சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகம் வந்தது. போன தடவை ஊரறியச் சொன்னோம், ஊர்க்கண் பட்டது, கங்காணியின் வாய் பட்டது. இந்தத் தடவை வயிறு தானாகச் சொல்லும்வரை யாரும் சொல்லக் கூடாது என்று அழுதாள். கணவன்மாரையும் சேர்த்து நான்கு பேரும் மாரியம்மன் கோயில் சூலத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். வேலாயி இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி, தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போனாள். கொழுந்துக்காரிக்குச் சாக்கும் கம்பளியும் ஒரு கோட்டை. உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியே தெரியாது.

சின்னத்தம்பியின் கன்னத்தில் அதற்குப் பிறகு கத்தி படவில்லை.

தாடி வளர்ந்தது. கறுகறுவென்று, அடர்த்தியாக, அறை விழுந்த கன்னத்தை மூடிக்கொண்டு வளர்ந்தது. தலைமுடி பிடரியில் புரண்டது. லயத்துப் பெண்களுக்கு விஷயம் புரிய நெடுநாள் ஆகவில்லை. புரிந்துகொண்டு பேசாமல் இருந்தார்கள். தோட்டத்தில் புரியாமல் போனது ஒரே ஒருவருக்குத்தான். அவருக்குப் புரிந்ததோ வேறு.

கங்காணியின் கறவைப் பசு பள்ளத்தில் உருண்டு செத்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருநாள் அவரை ஆட்களின் முன்னாலேயே ஏசினார். மகளுக்குப் பேசி வைத்த சம்பந்தம் முறிந்தது. மஸ்கெலியாவிலிருந்து கோடாங்கியை வரவழைத்துக் குறி கேட்டார். கோடாங்கி உடுக்கையை அடித்து, கண்ணை உருட்டி, "ஒரு ரோமம் ஒன் வாசப்படியப் பாத்து வளருது சாமி. அது வளர வளர ஒன் கொடி சாயுது!" என்றான்.

கங்காணிக்கு வேர்த்துக் கொட்டியது. அறை வாங்கிய நாளிலிருந்துதானே அந்தப் பயல் தாடி விட்டிருக்கிறான்! என் அழிவைக் கண்ட பிறகுதான் மழிப்பேன் என்று சாமி முன்னால் சபதம் போட்டிருக்கிறான்! பொட்டப்பிள்ளை கூந்தல் முடியமாட்டேன் என்பதும், ஆண்பிள்ளை தாடி எடுக்கமாட்டேன் என்பதும் நம் சனங்களிடம் இல்லாததா? ஒரு கூலிக்காரன் முகத்தில் முளைக்கும் முடிகூடத் தன்னை உத்தேசித்தே முளைக்கிறது என்று நினைக்கும் அளவுக்கு அந்த மனிதர் தன்னைப் பெரிதாக எண்ணியிருந்தார்.

மறுநாள் காலை வீரபத்திரன் அவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தான். கத்தி தொண்டைக்குழியில் இருந்தது.

"டேய் நாசுவா, அந்த சின்னத்தம்பி மூஞ்சி ஏன்டா கரடி மாதிரி கெடக்கு?"

"வளக்குறாங்க ஐயா."

"எதுக்குடா வளக்குறான்?"

"மொளைக்குதுங்க ஐயா. வளக்குறாங்க."

"என்னா நக்கலா? ஞாயித்துக்கெழம அவனைச் செரைச்சு வுட்டுரணும். பெரட்டுக்களத்துல. எல்லாரு முன்னாலயும்."

வீரபத்திரன் கத்தியை எடுத்துத் துணியில் துடைத்தான். "அது நேந்துக்கிட்ட முடிங்க ஐயா. அவன் மனசார எறக்கச் சொல்லாம நான் தொடமாட்டேன்."

"என்னா நேத்தி? எந்த சாமிக்கு? சொல்லு!"

சூலத்தைத் தொட்ட கை. வீரபத்திரன் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தைக் கண்டதும் கங்காணியின் சந்தேகம் உறுதியாயிற்று.

"சொல்லமாட்டே! எனக்குத் தெரியும்டா. ஞாயித்துக்கெழம ஒன் கத்தி அவன் தாடியில எறங்கணும். இல்லேன்னா பேர வெட்டிப் பத்துச்சீட்டு. ஒம் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு மண்டபத்துக்கே போய்ச் சேரு. ஒங்கப்பன் பக்கத்துல மணலுக்கா பஞ்சம்?"

அரைக் கன்னம் மழித்திருந்த அந்த முகத்தை வீரபத்திரன் பார்த்தான். மற்ற அரைக் கன்னத்தையும் நிதானமாக மழித்து முடித்தான். கத்தியை மடக்கினான். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். இருபது வருடங்களாக மடியில் முடிந்து வைத்திருந்த அந்த ஒரு சொல் எங்கேயோ அவிழ்ந்து விழுந்துவிட்டது போலிருந்தது.

வீட்டில் அழகம்மை வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து சுக்கு இடித்துக்கொண்டிருந்தாள். அவன் நடந்ததைச் சொன்னான். சொல்லிவிட்டுத் தயங்கினான்.

"வேலாயி மாசமா இருக்கான்னு ஒரு வார்த்த சொல்லிட்டா என்ன? மனுசன்தானே, மனசு எறங்கமாட்டாரா?"

உலக்கை நின்றது. "ஏங்க, போன தடவ சொன்னான்ல சின்னத்தம்பி? அப்ப என்னா எறங்குச்சு? தாடி எறங்குச்சு. அப்புறம் எங் கையில என்னா எறங்குச்சுன்னு மறந்து போச்சா ஒங்களுக்கு?"

"மறக்கல."

"அப்ப பேசாம இருங்க. அவன் தாடி அவன் மூஞ்சியில. அதுக்கு ஒரு ஏழப்பட்டவன் கணக்கு ஒப்பிக்கணுமாக்கும்! அவரு மீசைய முறுக்கிக்கிட்டு வாராரே, நம்ம யாராவது போயி எதுக்குங்கன்னு கேட்டோமா?"

"பத்துச்சீட்டு குடுத்துருவாரு அழகம்மை. கெடைக்கிற அரைப்பேருக் கூலியும் போச்சு, காம்பராவும் போச்சு. எங்க போறது?"

"முடி மொளைக்கிற ஊரு இது ஒண்ணுதானா? புள்ள பொறக்குற ஊரு இது ஒண்ணுதானா?" அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, குரல் மட்டும் உடையவில்லை. "பொறப்படச் சொன்னா பொறப்படுவோம். ஒங்க கத்தியில இன்னொரு புள்ளைய ஏத்திக்கிட்டு மட்டும் இந்த வாசலை மிதிக்காதீங்க."

வீரபத்திரன் எழுந்து போய்க் கத்தியைச் சாணையில் வைத்தான். வெகுநேரம் தீட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெரட்டுக்களத்தில் பனி கலைந்து வெயில் விழுந்திருந்தது. தோட்டமே திரண்டு நின்றது. நடுவில் கங்காணி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், கையில் பிரம்போடு. அவருடைய ஆட்கள் சின்னத்தம்பியின் இரண்டு கைகளையும் பின்னால் முறுக்கி மண்டியிட வைத்திருந்தார்கள். அவன் திமிறினான். கூட்டத்தின் ஓரத்தில் வேலாயி, கம்பளிக்குள் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் உதடுகள் "ஆத்தா, ஆத்தா" என்று அசைந்தன.

வீரபத்திரன் அடைப்பத்தோடு வந்தான். சின்னத்தம்பி நிமிர்ந்து பார்த்தான்.

"பரியாரியண்ணே! வேண்டாம்ணே! ஒங்களுக்குத் தெரியும்ல அண்ணே!"

வீரபத்திரன் அவனைப் பார்க்கவில்லை. சாக்கை விரித்தான். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினான். கத்தியை விரித்துத் தோல் வாரில் இரண்டு பக்கமும் இழுத்தான். சரக், சரக் என்ற அந்தச் சத்தம் வேலாயியின் அடிவயிற்றில் கேட்டது.

"ம்! ஆகட்டும்டா நாசுவா!" என்றார் கங்காணி.

வீரபத்திரன் சம்மணமிட்டு உட்கார்ந்தான். கிண்ணத்துத் தண்ணீரை அள்ளினான். தன் தலையிலேயே ஊற்றித் தேய்த்தான்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

இடது கை தலையைத் தடவிற்று. வலது கை கத்தியை இழுத்தது. நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் ஒரு வெள்ளைப் பாதை விழுந்தது. கண்ணாடி இல்லை, அவனுக்கு அது தேவைப்படவும் இல்லை. அந்த வித்தையை மண்டபத்து மணலில் கற்றவன் அவன்.

"டேய்! என்னடா பண்றே? பைத்தியமா?"

"இல்லீங்க ஐயா." கத்தி நிற்கவில்லை. "மண்டபத்துல எங்கப்பன் செத்தப்ப நீங்க எந்தோள்ல கைய வச்சு, இனிமே நான்தான்டா தகப்பன்னீங்க. ஞாபகம் இருக்குங்களா? நாலு நாளைக்கு முன்னால, ஒங்க வீட்டு வாசல்ல, அந்தத் தகப்பன் செத்துட்டாருங்க. தகப்பன் செத்தா மகன் என்னா செய்யணும்னு எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல. அதுதானே எந்தொழிலு."

கடைசி மயிர்க்கற்றை தரையில் விழுந்தது. கத்தியைச் சரித்து மீசையின் ஒரு பக்கத்தை எடுத்தான். பிறகு மறுபக்கத்தையும் எடுத்தான்.

உயிரோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு, அவன் கண் முன்னாலேயே, மகன் மொட்டை போட்டுவிட்டான்! தாடி என்ன தாடி? இதைவிட ஒரு சாபம் உண்டா? கங்காணியின் கை தானாகப் போய்த் தொண்டையைத் தடவிற்று.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிழவர் பழனியாண்டி முன்னால் வந்து சாக்கில் உட்கார்ந்தார். தலைத்துணியை அவிழ்த்தார்.

"எனக்கும் போடு பரியாரி. கப்பல்ல வரும்போது எங்கிட்டயும் தகப்பன்னுதான் சொன்னாரு. நான் என்னா, பாதியில வந்த புள்ளையா?"

எங்கோ ஒரு சிரிப்பு வெடித்தது. "எங்கிட்டயும் சொன்னாருய்யா!" என்றான் ஒருவன். "எங்கண்ணங்கிட்டச் சொன்னாரு, அவன் சார்புல நான் போட்டுக்கிறேன்!" என்றான் இன்னொருவன். ஒருவர் பின்னால் ஒருவராக வரிசை நீண்டது. சின்னத்தம்பியின் கையைப் பிடித்திருந்தவர்களில் ஒருவன்கூட, மெல்லக் கையை விட்டுவிட்டுப் போய் வரிசையில் நின்றுகொண்டான்.

அழகம்மை சும்மா இருப்பாளா? கொண்டையை அவிழ்த்து உதறிவிட்டாள். நெஞ்சில் ஓங்கி அடித்து ஒப்பாரி எடுத்தாள்.

"கோட்டுப் போட்ட எங்கப்பா, கொழுந்து மலை ராசாவே,
கடுக்கன் போட்ட காதோட கண்ண மூடிப் போனீயளே!"

பக்கத்தில் நின்ற கொழுந்துக்காரி ராசம்மாவும் அவிழ்த்தாள். பின்னாலிருந்த பெண்கள் எல்லாரும் அவிழ்த்தார்கள். முதுகில் புரண்ட கூந்தல்களோடு வட்டம் போட்டு நின்று மாரடித்தார்கள். மலை அந்தச் சத்தத்தைத் திருப்பித் திருப்பி எறிந்தது.

"நிறுத்துங்கடி! நான் உசுரோட இருக்கேன்டி!" என்று பெரிய கங்காணி அலறினார்.

"அப்புடித்தான் எல்லாப் பொணமும் சொல்லும், நீ அழுவடி ராசம்மா!" என்றாள் அழகம்மை.

நாற்காலி சாய்ந்தது. பிரம்பு எங்கோ உருண்டது. கங்காணி தள்ளாடி வந்து, மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த வீரபத்திரனின் எதிரே நின்றார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"இதை மாத்துடா. என்னா வேணும்னாலும் கேளு. இந்தச் சாவுச் சடங்கை மாத்துடா!"

வீரபத்திரன் எழுந்து நின்றான். கங்காணியின் முன்னால் அவன் முதுகை வளைக்காமல் நின்றது அன்றுதான் முதல் தடவை.

"எறக்குன முடியை ஒட்டவைக்க எனக்குத் தெரியாதுங்க. தானா மொளைக்கணும். அதுக்கு ஒரு வழிதான் இருக்கு. சின்னத்தம்பி தாடி என்னிக்கு அவன் மனசார எறங்குதோ, அன்னையிலேருந்து எந்தலையில முடி மொளைக்கும். அதுவரைக்கும் வாராவாரம் இந்த எடத்துல உக்காந்து மழிப்பேன். பத்துச்சீட்டு குடுத்தா மண்டபத்துல உக்காந்து மழிப்பேன். எங்க மழிச்சாலும் ஒங்களுக்குத்தான்."

கங்காணி திரும்பினார். சின்னத்தம்பியை இன்னும் பிடித்திருந்தவர்களைப் பார்த்துக் கையை அசைத்தார். அவர்கள் விட்டார்கள். அவர் தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு, தன் வீடு இருந்த மேட்டில் தனியாக ஏறிப் போனார்.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சின்னத்தம்பியின் தாடிக்குப் பெரிய கங்காணியே காவல்காரனாகிவிட்டார். துரை ஒருநாள், "யார் அந்தக் காட்டுமிராண்டி?" என்று கேட்டபோது, "சாமி காரியம் துரைகளே, தொடக் கூடாது" என்று கும்பிட்டு நின்றவர் அவரேதான். அவன் மரத்தில் ஏறினால் "டேய், பாத்துடா, எறங்குடா" என்று கீழிருந்து கத்தினார். வாராவாரம் பெரட்டுக்களத்திலிருந்து சரக், சரக் என்று வார் இழுக்கும் சத்தம் வரும்போது தம் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். பரியாரியைக் கூப்பிடவும் அவருக்கு நெஞ்சு வரவில்லை. சிரைத்துக்கொள்ளத் தலவாக்கலை பஜாருக்குப் போக வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் அதுவும் முடியாமல் அவர் முகத்திலும் நரைத்த தாடி முளைத்தது. "ஐயாவுக்கு எத்தனை மாசம்?" என்று பெண்கள் கம்பளிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு மத்தியானத்தில் வேலாயிக்கு வலி எடுத்தது. அழகம்மை உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே இஸ்தோப்பில் சின்னத்தம்பி தாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வீரபத்திரன், மழித்த தலையோடு. உள்ளேயிருந்து வேலாயியின் முனகல் வந்தது. பிறகு அதுவும் நின்றது. அந்த அமைதியை இரண்டு ஆண்களும் முன்பு ஒரு தடவை கேட்டிருக்கிறார்கள். சின்னத்தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

வீல் என்று ஒரு அழுகை கேட்டது.

லயத்தின் கூரைத் தகரமே அதிர்ந்தது போலிருந்தது. கதவைத் திறந்துகொண்டு அழகம்மை வந்தாள். முகமெல்லாம் வேர்வை, கண்ணீர், சிரிப்பு. "பொம்பளப் புள்ள! தலை நெறைய முடிடா சின்னத்தம்பி! அப்பனோட தாடியெல்லாம் அங்க போயி மொளைச்சிருக்கு!"

தீட்டுக் கழிந்த பிறகு ஒரு ஞாயிறு, மாரியம்மன் கோயில் முன்னால் வீரபத்திரன் சாக்கை விரித்தான். வெற்றிலை வைத்தான், கற்பூரம் கொளுத்தினான்.

"மனசார எறக்குறியா?"

"ஆமாண்ணே."

"மனசார எறக்குறியா?"

"ஆமாண்ணே."

மூன்றாம் தரம் கேட்கும்போது வீரபத்திரனின் குரல் உடைந்தது. "மனசார எறக்குறியா சின்னத்தம்பி?"

"ஆமாண்ணே. மனசார!"

கத்தி இறங்கியது. பல மாதத்துத் தாடி கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. உள்ளேயிருந்து சின்னத்தம்பியின் வெளுத்த கன்னம் வெளியே வந்தது. அறை வாங்கிய கன்னம். அதன்மேல், வேலாயி ஏந்தி நீட்டிய மகளின் பிஞ்சுக் கை படிந்தது.

செய்தி கேட்டுப் பெரிய கங்காணி மேட்டிலிருந்து இறங்கி வந்தார். கூட்டம் வழி விட்டது. நரைத்த தாடியோடு, தலைப்பாகை இல்லாமல், அவர் குழந்தையைப் பார்த்தார். சின்னத்தம்பியைப் பார்த்தார். மெல்ல மெல்ல அவருக்கு விளங்கியது.

"இதுக்காடா? இதுக்காடா தாடி வச்சே? எம்மேல சபதம் இல்லையா? அட பாவி, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா!"

சின்னத்தம்பி அவரை நேராகப் பார்த்தான்.

"போன தடவ சொன்னேனே ஐயா."

கங்காணி குழந்தையை மறுபடியும் பார்த்தார். புள்ள வயித்துலயா இருக்கு, தாடையிலயா இருக்கு என்று தாம் சிரித்தது அவர் காதில் கேட்டிருக்க வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவரும் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தம் தாடியைத் தடவிக்கொண்டே வீரபத்திரன் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் எடுத்து வுடு... டேய்..."

வீரபத்திரன் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டார். "வீரபத்திரா" என்றார், பாதிக் குரலில்.

"காது அடைச்சிருக்குங்க ஐயா. எழவு வூட்டுல ரொம்ப நாளு இருந்துட்டேன். கொஞ்சம் சத்தமாக் கூப்புடுங்க."

பெண்கள் கம்பளிக்குள் சிரிக்கவில்லை இப்போது. வெளியே, நன்றாகக் கேட்கும்படி சிரித்தார்கள். தாடிக்காரக் கங்காணி சுற்றிலும் பார்த்தார். பிறகு, தோட்டம் முழுக்கக் கேட்கும்படி, அந்த மனிதனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

வீரபத்திரன் சாக்கை உதறி மறுபடியும் விரித்தான்.

"உக்காருங்க. சாதாரணத் தலைதானே, கேள்வி கேக்கமாட்டேன்."